கமராவுக்குக் கைவிலங்கு: கேள்வி-பதில்

ஆர்ப்பாட்டம் செய்பவரைப் பிடிக்கிறார்கள், சரி. படமெடுக்க வந்தவரை ஏன் பிடிக்கிறார்கள்?
(கடை வைத்திருப்பவர், ஹாலிஎல)

கூட்டம் கலைந்துவிடும், படம் கலையாது. தடியடி எத்தனை மணிக்கு நடந்தது, யார் மேல் விழுந்தது, யார் பக்கத்தில் நின்று பார்த்தார் என்று நாளை நீதிமன்றத்தில் சொல்லப்போவது அந்தப் படம்தான். பிடிக்கப்படுவது சாட்சி. உங்கள் கேள்வியில் ஒரு ‘சரி’ இருக்கிறதே, அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அமைதியாகக் கூடுவது அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தரும் உரிமை. ஆர்ப்பாட்டம் செய்தார் என்பதற்காக மட்டும் ஒருவரைப் பிடிப்பதும் பிழைதான்.

நம் நாட்டில் அண்மையில் இப்படி நடந்திருக்கிறதா?
(உயர்தர மாணவி, பதுளை)

ஒன்றல்ல, பல. 2022 மார்ச் 31 இரவு மிரிஹானையில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின் வீட்டருகே மக்கள் திரண்டபோது செய்தி சேகரித்தவர்களும் அடி வாங்கினார்கள், அவர்களில் கைதானவர்களும் உண்டு. ஜூலை 9ஆம் திகதி அப்போதைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவின் வீட்டுக்கு முன்னால் நியூஸ் ஃபர்ஸ்ட் செய்தியாளர்களை விசேட அதிரடிப்படையினர் அடித்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ஜூலை 22 விடியுமுன் படையினர் காலிமுகத்திடல் போராட்டக்களத்தில் புகுந்தார்கள். அங்கே பிபிசி காணொளிச் செய்தியாளர் ஒருவரைத் தாக்கி, அவருடைய கைபேசியைப் பறித்து, எடுத்திருந்த காட்சிகளை அழித்தார்கள். அடித்த காயம் ஆறும். அழித்த காட்சியை யார் திருப்பித் தருவது?

அடுத்த ஆண்டு, 2023 ஜூலை 28, பொரளை. தொழிற்சங்க ஆர்ப்பாட்டத்தில் செய்தி சேகரித்துக்கொண்டிருந்த தரிந்து உடுவரகெதர கைதானார்.

அந்த 2022 ஜூலையில் பதில் ஜனாதிபதியாக இருந்த ரணில் பிறப்பித்த அவசரகால நிலை அடிப்படை உரிமைகளை மீறியது என்று உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. சொன்ன திகதி 2025 ஜூலை 23. நீதி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. மூன்று வருடம் கழித்து வந்ததில் கோபம்.

அடையாள அட்டை இருந்தால் ஊடகக்காரர் எதுவும் செய்யலாமா?
(ஓய்வுபெற்ற அரச ஊழியர், பண்டாரவளை)

கல்லெறிந்தால் அட்டை காப்பாற்றாது, காப்பாற்றவும் கூடாது. ஆனால் கூட்டத்துக்குள் நிற்பதே குற்றம் என்கிறார்களே, அதை ஏற்க முடியாது. கல்யாண வீட்டில் படம் பிடிப்பவர் மாப்பிள்ளை ஆகிவிடுவாரா?

கொழும்புச் செய்தியாளரைப் பிடித்தால் ஊர் உலகமே பேசுகிறது. நம்ம மலையகத்து நிருபரைப் பிடித்தால்?
(முச்சக்கர வண்டிச் சாரதி, தெமோதர)

இந்த வாரத்தின் முக்கியமான கேள்வி உங்களுடையது. 2020 மே 29ஆம் திகதி அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் சிஎன்என் செய்தியாளர் ஓமர் ஹிமெனெஸை நேரலையிலேயே விலங்கு போட்டுக் கூட்டிப்போனார்கள். கமரா ஓடிக்கொண்டே இருந்தது. சிறிது நேரத்தில் விடுதலை, அன்றே மாநில ஆளுநரின் மன்னிப்பு. அவருக்குப் பின்னால் ஒரு பெரிய நிறுவனம் நின்றது.

நம் பிரதேச நிருபருக்குப் பின்னால் யார்? பலருக்கு நியமனக் கடிதம் இல்லை, மாதச் சம்பளம் இல்லை, வெளியான செய்திக்குத்தான் காசு. சம்பளப் போராட்டமோ மண்சரிவோ, மலையேறிப் போய், சிக்னல் கிடைக்கும் இடம் தேடி, வட்ஸ்அப்பில் அனுப்புபவர் அவர். அவருடைய வீடு எது என்று தோட்ட நிர்வாகத்துக்கும் தெரியும், அரசியல்வாதிக்கும் தெரியும், பொலிசுக்கும் தெரியும். அவர் பொலிஸ் நிலையத்தில் இருக்கும் இரவில் ‘இவர் எங்கள் ஆள்’ என்று தொலைபேசி எடுத்துச் சொல்லாத பத்திரிகைக்கு, அவருடைய செய்தியைப் போட உரிமை இல்லை. இதைக் கொழும்பில் ஆசிரியர் நாற்காலியில் இருப்பவர்களுக்கே எழுதுகிறேன்: கடிதம் கொடுங்கள், அட்டை எடுத்துக் கொடுங்கள், ஒரு சட்டத்தரணியின் இலக்கத்தையும் கொடுங்கள்.

அந்தக் காலத்தில் பத்திரிகைக்காரர் தோட்டத்துக்குள் வரவே முடியாதாமே?
(கொழுந்து பறிப்பவர், ஸ்பிரிங்வெளி)

உண்மைதான் அம்மா. வெள்ளைத் துரைமார் காலத்தில் வெளியாள் உள்ளே கால் வைத்தாலே அத்துமீறல். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் புடவை வியாபாரிபோல லயங்களுக்குள் போனார். கண்டதை எழுதினார். ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ பத்திரிகைகளை நடத்தினார், பிறகு தொழிற்சங்கம் கட்டினார். மலையகத்தில் பத்திரிகைத் தொழில் தடையை மீறித்தான் பிறந்தது.

மேளம் அடித்து எதிர்ப்புக் காட்டினாலும் பிடிப்பார்களா?
(இளைஞர், எல்ல)

1992 ஜூலை 1ஆம் திகதி ‘ஜனகோஷா’ என்ற, ஓசை எழுப்பி எதிர்ப்புக் காட்டும் போராட்டத்தில் மேளத்தையே பொலிஸ் பறித்தது. அடுத்த வருடம் உயர் நீதிமன்றம் அந்த ஓசையும் கருத்து வெளிப்பாடுதான் என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ. அடியுங்கள்.

என் மகன் பகுதிநேர நிருபர். பொலிஸ் பிடித்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?
(ஒரு தாய், ஹாலிஎல)

அம்மா, பயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு எந்தப் பொலிஸ் நிலையம் என்பதைக் கண்டுபிடியுங்கள். ஏன் பிடித்தோம் என்று சொல்ல வேண்டியது அவர்கள் கடமை, 13ஆம் உறுப்புரை அப்படித்தான் சொல்கிறது. சாதாரண சட்டத்தில் பிடித்திருந்தால், பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தால் இந்தக் கணக்கு செல்லாது. அதனால்தான் அந்தச் சட்டம் போக வேண்டும் என்று 1979 முதல் கத்துகிறோம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் பதுளையிலேயே இருக்கிறது, அன்றே முறையிடுங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட ஒரு மாதம்தான் அவகாசம். ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், விசாரணை நடக்கும் நாட்கள் அந்தக் கணக்கில் சேராது.

இன்னொன்று. ஹாலிஎல 1999ஆம் ஆண்டு வர்த்தமானிப்படி இருமொழிப் பிரதேச செயலகப் பிரிவு. தமிழில் அலுவல் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மகனின் வாக்குமூலத்தையும் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். வாசித்து விளங்காத தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம் என்று அவரிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

நானும் கைபேசியில் படம் எடுக்கலாமா?
(தோட்டத்துப் பெண், ஹப்புத்தளை)

எடுங்கள் தங்கச்சி. பொலிசாரின் வேலைக்குக் குறுக்கே நிற்காமல், தள்ளி நின்று எடுங்கள். எடுத்த கையோடு இன்னும் இரண்டு பேருக்கு அனுப்பிவிடுங்கள், கைபேசி பறிபோனாலும் காட்சி பிழைக்கும். பகிரங்கமாகப் போடும்போது கூட வேலை செய்பவர்களின் முகத்தை மறையுங்கள், நிர்வாகம் பழிவாங்கினால் அவர்களுக்கு அடுத்த நாள் வேலை இருக்காது. நிருபரை வண்டியில் ஏற்றினால் நேரத்தையும் வண்டி இலக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். சட்டத்தரணி வந்ததும் கேட்பது அதைத்தான்.