ஒண்ட வந்த நிரல்

2020 ஜூலை 10 அன்று ஐபோன்காரர்களுக்கு ஓர் அரிய ஞானம் வாய்த்தது. ஸ்பாட்டிஃபையில் பாட்டுக் கேட்க வேண்டுமா? முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டால் செயலி சமர்த்தாகத் திறந்தது. இணைப்பு இருந்தால் தொட்ட மறுநொடியே மூடிக்கொண்டது. டிண்டர், பின்ட்ரெஸ்ட் கதியும் அதேதான். சங்கீதம், காதல், வீட்டு அலங்காரம் மூன்றும் ஒரே வேளையில் படுத்தன.

காரணம் ஃபேஸ்புக். எனக்கு அதில் கணக்கே இல்லையே என்கிறீர்களா? உங்களுக்கும் சேர்த்துத்தான்.

‘ஃபேஸ்புக் வழியாக நுழைக’ என்ற நீலப் பொத்தானுக்காகவும், எந்த விளம்பரத்தைப் பார்த்து எவர் செயலியை இறக்கினார் என்று கணக்கு வைக்கவும், ஃபேஸ்புக்கின் எஸ்.டி.கே.யை, அதாவது பிறர் தம் செயலியில் சேர்த்துக்கொள்ள அது தரும் ஆயத்த நிரல் தொகுப்பை, இந்தச் செயலிகள் உள்ளே குடிவைத்திருந்தன. செயலி கண் விழிக்கும்போதே அதுவும் விழித்து, ‘எஜமானே, இன்று என்ன உத்தரவு?’ என்று ஃபேஸ்புக் சர்வரைக் கேட்கும். நீங்கள் அந்தப் பொத்தானைத் தொட்டீர்களா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஜூலைக்கு முன்பே இந்தக் கூத்து ஒருமுறை நடந்திருந்தது. அதே ஆண்டு மே 6-ஆம் தேதி சர்வரிலிருந்து வந்த பதில் வேறு வடிவில் இருந்தது. வந்தது என்ன என்று பார்க்காமலே விழுங்கிய எஸ்.டி.கே. மயங்கி விழுந்தது. தனியாக விழவில்லை, இடம் கொடுத்த செயலியையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை. ஜூலையில் அது மறுபடி அரங்கேறியது.

அந்த நேரத்தில் டெவலப்பர் பாட்டை நினைத்துப் பாருங்கள். கிராஷ் ரிப்போர்ட் மளமளவென்று குவிகிறது. புது ரிலீஸ் எதுவும் போடவில்லை. கோடில் யாரும் கை வைக்கவில்லை. பழையபடி ரோல்பேக் செய்யலாமென்றால் எதைச் செய்வது? மாறியது ஊரான் சர்வரில். ரிப்போர்ட்டைத் திறந்தால் மேல்வரிகளில் ‘எஃப்.பி.எஸ்.டி.கே.’ என்று தொடங்கும் பெயர்கள். தன் சொந்த கோடைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எஸ்.டி.கே.யைப் பிடுங்கி எறிந்து புதிய பதிப்பு அனுப்பினால், அதை ஆப்பிள் பரிசீலித்து, மக்கள் அப்டேட் செய்து முடிப்பதற்குள் ஃபேஸ்புக்கே விழித்துக்கொண்டுவிடும். ஆக, கோளாறு நீக்கும் பணி என்பது கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது. இதற்கிடையே ஆப் ஸ்டோரில் ஒற்றை நட்சத்திரமும் வசவும் வாங்குவது யார்? ஃபேஸ்புக்கா?

ஃபேஸ்புக் சொன்ன விளக்கம் தனி அழகு. ஒரு கோட் மாற்றம் சில செயலிகளை கிராஷ் ஆக்கிவிட்டதாம். சீக்கிரமே கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டார்களாம். மாற்றியது யார், சோதிக்காமல் அனுப்பியது யார் என்ற கேள்விக்கெல்லாம் அங்கே வேலையில்லை. மழை பெய்தது, நின்றது என்கிற தோரணை. 2019-இல் 7,000 கோடி டாலருக்கு மேல் வருமானம் பார்த்த நிறுவனம் இது. வருகிற பதிலின் வகையைச் சரிபார்க்கும் ஒரு ‘இஃப்’ எழுத அதில் நாதியில்லை. ‘வேகமாகப் போ, உடைத்துத் தள்ளு’ என்ற பழைய தாரக மந்திரத்தை 2014-இலேயே ஸக்கர்பெர்க் மாற்றிவிட்டார். அன்றுமுதல் அடுத்தவன் சாமானை மட்டும்தான் உடைக்கிறார்கள் போலிருக்கிறது.

செயலிக்காரர்கள் மட்டும் யோக்கியமா? மே மாதம் பட்டதை விபத்து என்று விட்டுவிடலாம். இரண்டு மாதம் கழித்து அதே கல்லில் அதே காலை இடித்துக்கொண்டவர்களை என்னவென்பது? விளம்பரக் கணக்கு ஒருநாள் தவறக்கூடாது. வாடிக்கையாளரின் செயலி நாள் முழுக்கத் திறக்காவிட்டால் குடி முழுகிவிடாது. இதுதான் இவர்களின் முன்னுரிமைப் பட்டியல்.

பிறகு ஆப்பிள் ஒரு சட்டம் போட்டது. 2024 மே முதல், பரவலாகப் புழங்கும் எஸ்.டி.கே.க்கள் என்னென்ன தகவல் திரட்டுகின்றன என்று ஒரு கோப்பில் எழுதி உடன் வைக்க வேண்டும். அப்படி எழுத வேண்டியவை என்று ஆப்பிள் போட்ட பட்டியலில் ஃபேஸ்புக்கின் எஸ்.டி.கே.யும் உண்டு. செயலி விழுந்தால் பொறுப்பு யாருடையது என்று எழுத அந்தக் கோப்பில் இடமில்லை.