எஞ்சினுக்கும் மாரிக்கால விடுமுறை

திருகோணமலையில் தண்ணீர் உறைவதென்றால் அது பிரிஜ்ஜுக்குள் மட்டும்தான். ஆனால் படகு எஞ்சினோடு வருகிற கைநூலுக்கு அது தெரியாது. "பனிக்காலத்துக்கு முன் உள்ளே நிற்கிற தண்ணீரை வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் உறைந்து விரிந்து எஞ்சினைப் பிளந்துவிடும்" என்று பயமுறுத்துகிறது. திருக்கடலூரில் எங்கள் மாமா அந்தப் பக்கத்தைப் படத்துக்காக மட்டும் பார்ப்பார். "எங்களுக்குப் பனி இல்லையடா தம்பி, உப்பு இருக்கு" என்பார்.

வாடைக்காற்று எழும்பிக் கடல் கொந்தளிக்கத் தொடங்கினால், பைபர் படகு கரையேறும்; எஞ்சின் வீடேறும். பெற்றோலில் கண் விழித்து மண்ணெண்ணெயில் உழைக்கிற 25 குதிரைவலு எஞ்சின் அது. ஐம்பது கிலோவுக்குக் குறையாது. அதைத் தோளில் தூக்கி வருகிறவர்களுக்கு விடுகிற மாதிரி, கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட யாரும் அவ்வளவு கவனமாக வழி விட்டதில்லை.

முதலில் குளிப்பு. பரல் நிறைய நல்ல தண்ணீர் நிரப்பி, எஞ்சினின் காலை அதற்குள் இறக்கி ஓடவிட வேண்டும். கடல்நீரால் குளிர்ந்து ஓடிய எஞ்சின், உள்வழியெல்லாம் உப்பு. கழுவாமல் விட்டால் அது காய்ந்து வழியை அடைத்து அலுமினியத்தை அரிக்கும். பிறகு எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிடுவது. காபரேட்டரில் மிச்சம் நின்றால் பிசினாகி, சிறு துளைகளை அடைக்கும். அதன்பின் புளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் கொஞ்சம் ஒயில் விட்டு, கயிற்றை மெல்ல இழுப்பது.

அடுத்தது கியர் ஒயில். கீழ் ஆணியைத் திறந்ததும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்துவிட்டது; அந்த வருசப் பொங்கல் செலவு ஒர்க்சொப்பில். புது ஒயிலைக் கீழ்த் துளையால் ஏற்றி, மேல் துளையால் வழியும்வரை நிரப்ப வேண்டும். அப்போதுதான் உள்ளே காற்று நிற்காது. "இந்த வீட்டில எதுதான் நேராக நடந்தது?" என்பார் மாமி.

எஞ்சினைப் படுக்கவைக்கக்கூடாது, நிமிர்ந்து நின்றால்தான் மிச்சத் தண்ணீர் வடியும். பொலித்தீனால் இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்க்கும். ஆகவே விறாந்தையின் நல்ல மூலையில், மரத்தாங்கியில், மாமியின் சேலை போர்த்தி நிற்கும். விருந்தாளிகளுக்குத் திண்ணை.

மாரிக்கு மூலை தேடுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. பாய்க்கப்பல் காலத்தில் சோழமண்டலக் கரையில் வாடைப்புயலுக்கு ஒதுங்கப் பாதுகாப்பான துறைமுகம் இல்லை. அதனால்தான் திருகோணமலைக்கு அவ்வளவு கிராக்கி. 1782 ஜனவரியில் பிரித்தானியர் அதை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள்; ஓகஸ்ட் முடிவில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் பறித்துக்கொண்டார். எங்கள் விறாந்தை யுத்தத்தில் மாமி ஒல்லாந்தர் கட்சி: இருந்த இடத்தை இழந்தவர்.

2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குத் தாவியபோது, மாரி வராமலே பல எஞ்சின்கள் ஓய்வுக்குப் போயின. அந்த ஓய்வுக்கு எந்தக் கைநூலிலும் பக்கம் இல்லை.

எஞ்சின் வைத்திருக்கும் வாசகருக்கு ஒரு வார்த்தை: பனிக்காகக் காத்திருக்க வேண்டாம். கடைசியாகக் கரைக்கு வந்த அன்றே நல்ல தண்ணீர் காட்டிவிடுங்கள். உப்பு பஞ்சாங்கம் பார்ப்பதில்லை.