கியர்பாக்ஸை இறக்குமுன்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விசித்திரமான பெருந்தன்மை உண்டு. வண்டியின் கோளாறைக் கோளாறு என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. “அதோட சுபாவமே அப்படித்தான்” என்பார்கள். ரிவர்ஸ் விழ மறுத்தால் அது பிடிவாதம். மூன்றாவது கியரைத் தேடிப் போன கை முதல் கியரில் போய் முட்டினால் அது குறும்பு. கிளட்சை மிதிக்கும்போது பிரேக்கும் கூடவே இறங்கினால் அது ஒற்றுமை உணர்ச்சி. கணக்கில் நான்கு மதிப்பெண் குறைந்த சொந்தப் பிள்ளைக்கு இந்தச் சலுகையில் கால்வாசியும் கிடைத்திருக்காது. இந்தச் சுபாவங்களில் பெரும்பாலானவை வெறும் தேய்மானம்தான் என்பது என் வாதம். அதுவும் பெரிய உறுப்புகளின் தேய்மானம் அல்ல; சட்டைப் பையில் போட்டால் இருப்பதே தெரியாத புஷ்கள், பின்கள், வளையங்கள் ஆகியவற்றின் தேய்மானம். ஆகவே வைத்தியம் கையிலும் காலிலும் தொடங்கி உள்ளே போக வேண்டும். நம் ஊரிலோ வழக்கம் நேர்மாறு. வண்டி பட்டறைக்குள் நுழைந்ததும் “பாக்ஸை இறக்கிப் பாத்துடலாம் சார்” என்ற தீர்ப்பு வந்துவிடும். விசாரணை அதற்குப் பிறகு.

சாட்சிக்கு ஸ்டாண்டர்ட் ஹெரால்டை அழைக்கிறேன். இங்கிலாந்தில் ட்ரயம்ப் ஹெரால்ட் என்ற பெயரில் 1959இல் வெளிவந்த கார் இது. உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிகெலோட்டி. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்து ஆலையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் இதைத் தயாரித்தது. இங்கிலாந்துக்காரர்களுக்கே கிடைக்காத நான்கு கதவு ஹெரால்ட் பின்னாளில் நமக்குக் கிடைத்தது. 948 சி.சி. இன்ஜினை வைத்துக்கொண்டு யாரையும் துரத்திப் பிடிக்க முடியாது. ஆனால் 25 அடி விட்டமுள்ள வட்டத்துக்குள் திரும்பிவிடலாம். பானெட் முழுவதும் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். ட்ரயம்ப் ஹெரால்டில் ஸ்டீயரிங் தண்டைக்கூட ஓட்டுபவரின் உயரத்துக்கேற்ப நீட்டவும் குறைக்கவும் ஏற்பாடு இருந்தது. ஓட்டுபவரின் கை நீளம் வரை யோசித்தவர்கள், கியர் ராடை மட்டும் காற்றில் ஆடும் தென்னை மட்டையாக விட்டுவைப்போம் என்று தீர்மானித்திருப்பார்களா? ஆலையிலிருந்து வெளிவந்த அன்று அது ஒழுங்காகத்தான் விழுந்திருக்கும். அதற்குப் பிறகு நடந்தது என்ன என்பதுதான் கேள்வி.

நடந்ததைப் புரிந்துகொள்ள, கை அசைவு பற்சக்கரம் வரை போகும் வழியைப் பார்க்க வேண்டும். ஹெரால்டில் கியர் ராடு கியர்பாக்ஸின் தலைமேல் நேராக நிற்பதில்லை. பெட்டியின் மேல்மூடியிலிருந்து பின்னோக்கி ஒரு நீட்டிப்பு வருகிறது. அதன் மேல்தான் ராடு நிற்கிறது. ராடின் அடியில் ஓர் உருண்டை மூட்டு, ராடின் கீழ்நுனியில் ஒரு புஷ், அங்கிருந்து முன்னோக்கி ஓடும் ஒரு தண்டு, அந்தத் தண்டைத் தாங்கும் புஷ், பெட்டிக்குள் இருக்கும் தேர்வுத் தண்டோடு அதை இணைக்கும் ஒரு பின். இத்தனை பேரையும் தாண்டித்தான் உங்கள் உத்தரவு போகிறது. கல்யாணப் பந்தியில் “சாம்பாரில் உப்பு கொஞ்சம் குறைவு” என்று ஒருவர் சொன்னது, ஐந்து வாய் மாறிச் சமையல்கட்டை அடையும்போது “மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விட்டார்கள்” என்று ஆகியிருக்கும். ஒவ்வொருவரும் சேர்த்தது கொஞ்சம்தான், கெட்டது மொத்தமும்.

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். ஒவ்வொரு மூட்டிலும் அரை மில்லிமீட்டர் ப்ளே, அதாவது வெற்று ஆட்டம், இருப்பதாக வைத்துக்கொள்வோம். அரை மில்லிமீட்டரை எந்த மெக்கானிக்கும் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஐந்து மூட்டு சேர்ந்தால் இரண்டரை மில்லிமீட்டர். ராடு உருண்டை மூட்டுக்கு மேலே நீளம், கீழே குட்டை. மேல் நீளம் கீழ் நீளத்தைப் போல ஐந்து மடங்கு என்று கொண்டால், அந்த இரண்டரை மில்லிமீட்டர் கைப்பிடியில் பன்னிரண்டரை மில்லிமீட்டராக வந்து நிற்கும். அதாவது கை ஒன்றேகால் சென்டிமீட்டர் நகர்ந்த பிறகுதான் உள்ளே செய்தி போய்ச் சேர்கிறது. முதல்–இரண்டாவது கியர்கள் இருக்கும் தடத்துக்கும் மூன்று–நான்கு இருக்கும் தடத்துக்கும் உள்ளே இடைவெளி மிகக் குறைவு. அப்படியிருக்க, கை போக நினைத்த தெரு ஒன்று, போய்ச் சேர்ந்த தெரு வேறு என்றாவதில் வியப்பில்லை. இதில் பற்சக்கரங்களின் குற்றம் என்ன? உத்தரவு தவறாக வந்தது, அவை கீழ்ப்படிந்தன.

“அப்படியானால் கியர்பாக்ஸ் கெட்டுப்போவதே இல்லையா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கெட்டுப்போகும், ஆனால் அதற்கு வேறு அடையாளங்கள் உண்டு. காசு செலவில்லாமல் அவற்றைப் பிரித்தறியலாம். இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு கியரில் போட்டு, ராடை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கியர் விழுந்த பின்னும் ராடு தாராளமாக ஆடினால், அந்த ஆட்டத்தில் பெரும்பகுதி வெளி மூட்டுகளுடையது. இன்ஜின் நின்றிருக்கும்போது எல்லாக் கியரும் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் கரகரவென்று கத்தினால் சந்தேகம் கிளட்சின் மேல் போக வேண்டும். கிளட்சை முழுக்க மிதித்து நான்கைந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டும் கத்துகிறதென்றால், கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்பது கிட்டத்தட்ட உறுதி. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர் தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வருகிறதா? எல்லா வேகத்திலும் ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும் ஊளைச் சத்தமா? அப்போதுதான் பெட்டியைத் திறக்கும் பேச்சு. எல்லாச் சோதனையும் சேர்ந்து, ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம்தான் ஆகும். ஆனால் பட்டறையில் டீ மட்டும் முதலில் முடிந்துவிடுகிறது; சோதனை நடப்பதில்லை.

கிளட்ச் என்றதும் பெடல்களுக்கு வந்துவிட்டோம். கியர் ராடின் மேல் சுமத்தப்படும் பழியில் பாதி காலடியில் பிறந்தது. ஹெரால்டின் கிளட்ச் ஹைட்ராலிக். பெடல் மேலிருந்து தொங்குகிறது; அதன் கழுத்தில் ஒரு கிளெவிஸ் பின்; அது தள்ளும் கம்பி மாஸ்டர் சிலிண்டருக்குள் போகிறது; அங்கிருந்து குழாய் வழியாக எண்ணெய் போய் ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளுகிறது. அந்தப் பின் வட்டமாகப் பிறந்தது. பல வருட மிதியில் நடு இடுப்பு மெலிந்துவிடும். அது போகும் துளையோ வட்டத்தை விட்டு முட்டை வடிவத்துக்கு மாறியிருக்கும். அங்கே இரண்டு மில்லிமீட்டர் ப்ளே இருந்து, பெடலின் நெம்புகோல் ஐந்து மடங்கு என்றால், பாதத்தில் ஒரு சென்டிமீட்டர் மிதி வீண். கூடவே குழாயில் கொஞ்சம் காற்றும் புகுந்திருந்தால் பெடல் தரையைத் தொட்டும் கிளட்ச் பாதிதான் விலகும். பாதி விலகிய கிளட்சோடு கியர் மாற்றினால் கரகரக்கத்தான் செய்யும். ஓட்டுபவர் ராடைத் திட்டுவார். ராடு பாவம், வாயில்லா ஜீவன். புதுப் பின் ஒன்று போட்டு, துளைக்கு லேத் பட்டறையில் ஒரு புஷ் அடித்து, காற்றை வெளியேற்றினால் கியர்பாக்ஸ் திடீரென்று திருந்திவிடும். ஓர் எச்சரிக்கை: குறைந்த எண்ணெயை ஈடுகட்ட கைக்குக் கிடைத்த இன்ஜின் ஆயிலை ஊற்றிவிடக் கூடாது. அது பட்டதும் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் உப்பிப் போகும். பிறகு அந்தச் செலவுக்கும் கியர்பாக்ஸ்தான் குற்றவாளிக் கூண்டில் ஏறும்.

பெடல்கள் அமைந்திருக்கும் இடம் வேறு விவகாரம். முன்சக்கரத்தின் வளைவு காலடி இடத்துக்குள் புகுந்திருப்பதால், மூன்று பெடலும் வண்டியின் நடுப்பக்கமாக ஒதுங்கி நிற்கும். ஸ்டீயரிங் நேரே உங்களைப் பார்க்கும். கால்கள் மட்டும் பக்கத்து சீட்டுக்காரரை விசாரிக்கப் போகும். இது தேய்மானம் அல்ல, வடிவமைப்பு. இதை ஒப்புக்கொள்வதில் என் வாதத்துக்கு நஷ்டமில்லை, லாபம்தான். ஏனென்றால் ஓட்டுபவரை உண்மையில் படுத்துவது இந்த ஒதுக்கம் மட்டுமல்ல. பெடல்கள் தொங்கும் அச்சில் புஷ் தேய்ந்து, ஒவ்வொரு பெடலும் பக்கவாட்டில் ஆடுகிறது. ஏற்கெனவே நெருக்கமாக நிற்பவை ஒன்றையொன்று உரசிக்கொள்கின்றன. பெடல் ரப்பர் வழுக்கையாகிவிட்டது. ஒரு பெடலின் திரும்பு ஸ்பிரிங் தளர்ந்து அது தாழ நிற்க, பக்கத்துப் பெடல் உயர நிற்கிறது. கால் மாற்றும்போது ஒவ்வொரு முறையும் படி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. நம் ஊரில் பலர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவது வண்டியைக் கோயிலாக நினைத்து அல்ல; அகலமான செருப்பு ஒரே மிதியில் இரண்டு பெடலை மிதித்துவிடும் என்ற அனுபவத்தால். அச்சுப் புஷ்ஷையும் ரப்பரையும் ஸ்பிரிங்கையும் மாற்றி, மூன்று பெடலின் உயரத்தையும் சரிக்கட்டினால், இடது பக்க ஒதுக்கம் மட்டும் மிஞ்சும். அதற்கு இடுப்பைச் சற்றே திருப்பி உட்கார்ந்தால் போதும். ஆனால் பிரேக் பெடல் மிதிக்க மிதிக்க மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால், அது சௌகரியம் பற்றிய பேச்சே அல்ல. மாஸ்டர் சிலிண்டரைப் பார்க்கும்வரை வண்டி வாசலைத் தாண்டக் கூடாது.

அடுத்த ஆட்சேபம் அனுபவசாலிகளிடமிருந்து வரும். “அந்தக் காலத்து டிரைவர்கள் இதையெல்லாம் பார்த்தார்களா? டபுள் கிளட்ச் அடித்து வெண்ணெய் மாதிரி மாற்றினார்களே!” மாற்றினார்கள், மறுக்கவில்லை. பற்சக்கரங்களின் வேகத்தைத் தானே பொருத்திக்கொடுக்கும் சிங்க்ரோமெஷ் ஹெரால்டின் முதல் கியருக்குக் கிடையாது. வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே முதல் கியருக்கு இறங்க வேண்டுமானால் இரண்டு முறை கிளட்சை மிதித்து, நடுவில் இன்ஜின் வேகத்தை ஏற்றித்தான் ஆக வேண்டும். அங்கே கலை தேவை. ஆனால் அந்தக் கலை இன்ஜின் வேகத்தையும் பற்சக்கர வேகத்தையும் பொருத்துவதற்கான கலை. தேய்ந்த பின்னை வளரவைக்கும் மந்திரம் அல்ல. எங்கே கை வைத்தால் எந்தக் கியர் விழும் என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பதைத் திறமை என்று பாராட்டலாம். ஆனால் ஒழுகும் கூரைக்குக் கீழே எந்த இடத்தில் பாத்திரம் வைப்பது என்று தெரிந்திருப்பதால் ஓடு மாற்றும் வேலை நின்றுவிடாது.

ஆசாரவாதிகளின் ஆட்சேபம் இதைவிடக் கனமானது. “ஒரிஜினல் பார்ட்டை எடுத்துவிட்டுப் புதுசு போட்டால் அது பழைய வண்டியா?” என்பார்கள். எந்த ஒரிஜினலை இவர்கள் காக்கிறார்கள்? 1961இல் ஆலை கொடுத்தது ஒரு பின்னும், அது இறுக்கமாகப் போகும் ஒரு துளையும். இப்போது இருப்பது அந்தப் பின்னின் மிச்சம். மிச்சத்தைக் காப்பது அருங்காட்சியகத்துக்குச் சரி. தாம்பரம் சிக்னலில் பின்னால் பேருந்து ஹாரன் அடிக்கும்போது சரிப்படாது. ஆனால் இவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது வழக்கை வளைப்பதாகும். ப்ளேயை ஒழிக்கிறேன் என்று எல்லா இடத்திலும் பித்தளையும் வெண்கலமும் கடைந்து போடுபவர்கள் உண்டு. ரப்பர் இருந்த இடத்தில் ரப்பர் இருந்ததற்குக் காரணம் உண்டு: இன்ஜினின் அதிர்வைக் கைக்கு வராமல் அது வாங்கிக்கொள்ளும். அங்கே உலோகத்தை வைத்தால் கியர் கச்சிதமாக விழும்; கூடவே ராடு வண்டு மாதிரி ரீங்காரமிடும். ஆகவே ரப்பருக்கு ரப்பர், நைலானுக்கு நைலான், உலோகத்துக்கு உலோகம் என்பதே முறை. புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் தேடிக் கிடைக்காததை, பழைய துண்டை அளவுக்குக் காட்டி லேத்தில் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். இதில் ஆசாரமும் பிழைக்கும், கியரும் விழும்.

“எப்படியும் கை வைக்கிறோம், கையோடு பெட்டியையும் பிரித்துப் பார்த்துவிட்டால் என்ன?” என்பது பட்டறையின் கடைசி அஸ்திரம். ஹெரால்டில் இதற்குத் தனி ஆசை பிறக்கும். நடுவில் இருக்கும் மூடியைக் கழற்றினால் கியர்பாக்ஸை வண்டிக்குள்ளிருந்தே வெளியே எடுக்கலாம். வழி சுலபம் என்பதாலேயே போக வேண்டும் என்றில்லை. உள்ளே கம்பி போன்ற நீடில் ரோலர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. வளையங்களின் கனம் ஒவ்வொன்றும் ஒரு கணக்கு. சரியாக இயங்கும் ஒன்றைப் பிரித்துத் திரும்பச் சேர்த்தால், முன்பைவிட நன்றாக வருவதற்கு உத்தரவாதம் இல்லை. முன்பைவிட ஒரு துண்டு மிஞ்சுவதற்கு வாய்ப்பு நிறைய. பெட்டியைப் பிரிக்கும் கூலியோடு ஒப்பிட்டால் புஷ்ஷின் விலை பேசத் தகுந்ததே அல்ல. புஷ் மாற்றியும் நோய் தீராவிட்டால், அப்போது பெட்டியைத் திறப்பது அறிவு. மாற்றாமலே திறப்பது ஆர்வம். அந்த ஆர்வத்தின் பில் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் வாயைத் திறக்காமல் நிற்பார். அவர் சொல்லத் தயங்கும் ஆட்சேபத்தை நானே சொல்லிவிடுகிறேன். கியர் இப்படி ஆடிக்கொண்டிருக்கும்வரை இந்த வண்டியை உலகத்தில் அவரைத் தவிர யாராலும் ஓட்ட முடியாது. சரிசெய்துவிட்டால் யாரும் ஓட்டலாம். ஓட்டலாம் என்று தெரிந்த மறுநாளே மைத்துனர் வந்து, “அத்தான், கல்யாண ஊர்வலத்துக்கு ஒரு நாள் மட்டும்” என்று சாவிக்குக் கை நீட்டுவார். இதுவரை வந்த ஆட்சேபங்களில் இது ஒன்றுதான் எந்த அளவுகோலிலும் தேறும். ஆனாலும் மைத்துனரைச் சமாளிக்கப் பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்தால் போதும். அதற்காக ஐந்து மூட்டுகளைத் தேயவிட வேண்டியதில்லை.