வாட்சன் கையில் ஏன் பேனா?

கேள்வி: துப்புத் துலக்குவது ஷெர்லாக் ஹோம்ஸ். கதை சொல்வது மட்டும் அவருடைய நண்பர் வாட்சனா? மூளைக்காரரே சொன்னால் என்ன?

பதில்: இரண்டாம் பக்கத்திலேயே கதை முடிந்துவிடும்! 1892இல் வந்த ‘ஸ்பெக்கிள்ட் பேண்ட்’ கதையைப் பாருங்கள். விடிகாலையில் ஒரு பெண் நடுங்கிக்கொண்டு வருகிறாள். வாட்சன் கண்ணில் படுவது அவளுடைய பயமும் இளநரையும். ஹோம்ஸோ இடது கையில் தெறித்திருக்கும் சேற்றைப் பார்த்து, அவள் குதிரை வண்டியில் வண்டிக்காரனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து வந்ததைச் சொல்லிவிடுகிறார். அவளோடு சேர்ந்து நாமும் திடுக்கிடுகிறோம். அந்தத் திடுக்கிடல்தான் நாம் கொடுத்த காசுக்குக் கிடைக்கும் லாபம். வாட்சனுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. அதனால் ஏமாற்றப்பட்ட உணர்வே வருவதில்லை.

கானன் டாயில் எழுதிய 4 நாவல், 56 சிறுகதைகளில் இரண்டை மட்டும் ஹோம்ஸே சொல்கிறார். இரண்டும் 1926இல் வந்தவை. படித்துப் பாருங்கள், சுவை ஒரு மாற்றுக் குறைவுதான். விடை தெரிந்தவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் நமக்கு ஆவல் வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. அந்த இரண்டில் ஒன்றான ‘பிளாஞ்ச்டு சோல்ஜர்’ கதையில், வாட்சன் இல்லாத குறையை ஹோம்ஸே வாய்விட்டு ஒப்புக்கொள்கிறார்.