ம்க்கும்முக்கு எத்தனை புள்ளி?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிக்குழம்புச் சாப்பாடு முடிந்து மனுஷன் பாயை விரிக்கிற நேரம் பார்த்து ஸ்கிராபிள் பலகையை விரிக்கிறவர்களை என்ன செய்யலாம் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போன வாரமே என் மச்சினி மகள் மேல் வழக்குப் போட்டிருப்பேன். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். என்னைப் பெரியப்பா என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறாள். கூப்பிட்டுவிட்டுத்தான் தோற்கடிக்கிறாள்.

“படிப்புக்கு நல்லது அத்தான். நீங்க எழுதுறவங்கதானே, கூட உக்காந்து நாலு வார்த்தை சொல்லிக் குடுங்க” என்றாள் மச்சினி. லீவில் பிள்ளைகள் செய்ய வேண்டிய காரியங்கள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்த தாளிலும் இது இருக்கிறதாம். அதோடு விட்டாளா? விளையாட்டில் ஜெயிப்பதற்கான உத்திகளை ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தால் மற்ற பிள்ளைகளுக்கும் பிரயோஜனப்படும் என்கிறாள். எழுதிவிடலாம். இந்தக் கட்டுரையே அதற்காக ஆரம்பித்ததுதான். நிச்சயமாக ஜெயிக்க ஒரு வழி இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கைத் தீர்த்துவிட்டு வருகிறேன்.

நாமெல்லாம் இதை எப்படி விளையாடுகிறோம்? ஏழு காயையும் கட்டையில் வரிசையாக வைத்துக்கொண்டு இடம் வலம் மாற்றி மாற்றி அடுக்குவோம். பெருமூச்சு விடுவோம். ஐ, என், ஜி மூன்றும் கையில் வந்துவிட்டால் போச்சு, அதற்கு முன்னால் ஒட்டுவதற்கு நாலு எழுத்து வருகிறவரை ஆட்டத்தையே நிறுத்திவைத்த மாதிரி உட்கார்ந்திருப்போம். ஏழையும் ஒரே வீச்சில் இறக்கினால் ஐம்பது புள்ளி கூடுதல் என்று யாரோ சொன்னதிலிருந்து நமக்கு வேறு எதுவும் கண்ணில் படுவதில்லை. எஸ் கிடைத்தால் அதைக் கடைசிவரை செலவழிக்க மாட்டோம். இல்லாத சொல் ஒன்றை மெதுவாக வைத்துவிட்டு எதிராளியின் முகத்தைப் பார்ப்போம். அவர் ‘இருக்கும்போல’ என்று தலையாட்டினால் புள்ளியை எழுதிக்கொள்வோம். படித்தவர்களுக்குள் ஓர் இணக்கம் அது.

இந்தப் பிள்ளை தலையாட்டவில்லை. போனில் பார்த்துவிட்டு, “இல்லையே பெரியப்பா” என்றது. பிறகு அதன் முறை வந்ததும் க்யூவை எடுத்து வைத்தது. குறுக்கே க்யூ-ஐ, நெடுக்கே க்யூ-ஐ. க்யூ விழுந்த கட்டம் எழுத்துக்கு மும்மடங்கு. பத்து முப்பதாகி, ஐ-யின் ஒன்று சேர்ந்து முப்பத்தொன்று. குறுக்கே ஒரு தரம், நெடுக்கே ஒரு தரம். அறுபத்திரண்டு. பலகையில் அவள் இறக்கியது இரண்டே காய்.

“அப்படின்னா என்னம்மா?”

“தெரியாது பெரியப்பா. இருக்கு.”

கடவுளைப் பற்றிக்கூட இவ்வளவு உறுதியாக யாரும் என்னிடம் சொன்னதில்லை. சீனர்கள் உயிராற்றலுக்குச் சொல்லும் சொல் அது என்று நான் விளக்கினேன். நான் விளக்கி முடிப்பதற்குள் அவள் அறுபத்திரண்டை எழுதிக் கூட்டியும் விட்டாள். விளக்கத்துக்குப் புள்ளி கிடையாது.

அன்றைக்குத்தான் விசாரித்தேன். உலகப் போட்டிகளில் வைத்துக்கொள்கிற காலின்ஸ் பட்டியலில் இரண்டெழுத்துச் சொல் மட்டும் 127. ஏ-ஏ என்றால் ஹவாய்த் தீவின் ஒருவகை எரிமலைக் குழம்பு. ஏ-ஐ என்றால் தென் அமெரிக்க மரங்களில் தொங்கும் ஒரு சோம்பேறி மிருகம். அதன் மேல் எனக்குப் பொறாமை உண்டே தவிரக் கோபமில்லை. ஓ-ஈ என்றால் ஃபாரோ தீவுகள் பக்கம் வீசும் சூறைக்காற்று. எக்ஸ்-யூ வியட்நாம் சில்லறைக் காசு. இசட்-ஏ என்றால் பீட்சா. அமெரிக்கர்கள் முன்பாதியைத் தின்றுவிட்டு வாலை மட்டும் உச்சரிக்கிறார்கள், அதற்குப் பதினொரு புள்ளி. நான் பெருமையோடு தோசையை வைத்தேன். தோசையும் பட்டியலில் இருக்கிறது, ஆங்கிலத்தில் நாலெழுத்து, ஐந்து புள்ளி. நம் கட்டுமரம் கடல் தாண்டிப் போய் ஆங்கிலத்தில் ஒன்பதெழுத்தாக நீண்டிருக்கிறதே, அதைக் கஷ்டப்பட்டு வைத்தாலும் பதின்மூன்றுதான். பீட்சாவின் வாலைவிட இரண்டு கூட.

இதைக்கூட மன்னித்துவிடுவேன். காற்றும் காசும் எரிமலையும் உலகத்தில் இருக்கிற பொருள்கள். எச்-எம் என்று வைத்தாளே, அதுதான் தாங்கவில்லை.

எச்-எம். ஹ்ம். அதுவும் சொல்லாம். எம்-எம் சொல்லாம், அதாவது ‘ம்ம்’. எஸ்-எச் சொல்லாம், அதாவது ‘உஷ்’. பி-ஆர்-ஆர் குளிர் நடுக்கமாம், இன்னொரு ஆர் சேர்த்தாலும் செல்லுமாம், ஜாஸ்தி குளிர் போல. குறட்டைக்கு மூன்று இசட். நாக்கை உச்சுக் கொட்டுவதற்கு டி-எஸ்-கே. அது வினைச்சொல்லாகவும் நடக்கிறது, இறந்தகாலத்தில் உச்சுக் கொட்டலாம், நிகழ்காலத்தில் கொட்டிக்கொண்டே இருக்கலாம். அருவருப்பைக் காட்டும் ஈ-டபிள்யூவை 2019-இல் சேர்த்தார்கள். ஓகேயே அந்த வருஷம்தான் காலின்ஸுக்குள் நுழைந்ததாம். அதுவரை உலகமே சம்மதம் சொல்லிக்கொண்டிருந்தது எந்த மொழியில் என்று தெரியவில்லை.

இதெல்லாம் சொல் என்றால் எங்கள் வீட்டில் ஒரு நாளில் வீணாகிற புள்ளிகளுக்கு யார் பதில் சொல்வது? என் மனைவி சொல்கிற ‘ம்’ மட்டுமே எத்தனை வகை! ‘ம்’ என்றால் ஆமாம். ‘ம்?’ என்றால் என்ன சொன்னீர்கள். ‘ம்ம்’ என்றால் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அதாவது கேட்கவில்லை. கொஞ்சம் இழுத்து ‘ம்ம்ம்’ என்றால் குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது. அதையே அடித்தொண்டையிலிருந்து இழுத்தால் உங்கள் அக்கா வந்துபோனதில் எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. ‘ம்ஹூம்’ என்றால் முடியாது. ‘ம், ம்’ என்று இரண்டு வெட்டாக வெட்டினால் நடத்துங்கள், எத்தனை நாளைக்கென்று பார்க்கிறேன். கதை சொல்கிற பாட்டிக்குப் பேரப்பிள்ளைகள் ‘ம்’ கொட்டாவிட்டால் ராஜகுமாரன் குதிரையிலிருந்து இறங்கவே மாட்டான். ஒரு மெய்யெழுத்தை வைத்து ஒரு குடும்பமே நடக்கிறது. யாராவது ஒரு புள்ளி கொடுத்ததுண்டா?

அதற்கும் மேலே இருக்கிறது ‘ம்க்கும்’. எங்கள் அத்தை, அதாவது மாமியார், இதில் உலகச் சாம்பியன். மருமகன் எழுதிப் பிழைக்கிறார் என்று யாராவது சொன்னால் ஒரு ம்க்கும். சம்பந்தி வீட்டில் பத்து வகைப் பலகாரம் என்றால் ஒரு ம்க்கும். ஒரு பக்கத் தோளில் முகவாயை இடித்துக்கொண்டே சொன்னால்தான் அது முழு ம்க்கும். இடிக்காமல் சொன்னால் வெறும் தொண்டைக் கமறல். இதை ஸ்கிராபிளில் வைத்தால் என்ன கிடைக்கும் என்று படுக்கையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எம்முக்கு மூன்று, கேவுக்கு ஐந்து, இன்னொரு கே, யூவுக்கு ஒன்று, மறுபடி எம் மூன்று. பதினேழு வர வேண்டும். வராது. பையில் இருக்கிற நூறு காயில் கே ஒன்றே ஒன்றுதான். இரண்டாவது கேவுக்கு எழுத்தில்லாத வெற்றுக் காயைப் போட வேண்டும், அதற்குப் புள்ளி பூஜ்யம். ஆகப் பன்னிரண்டு. சொல்லுக்கு மும்மடங்கு தருகிற ஓரக் கட்டத்தைத் தொட்டால் முப்பத்தாறு. மோசமில்லை. ஆனால் பையில் எம் இரண்டுதான். ஒரு ம்க்கும் சொன்னதோடு எம் இரண்டும் தீர்ந்துவிடும், கே தீர்ந்துவிடும், வெற்றுக் காயில் ஒன்று போய்விடும். ஆக ஓர் ஆட்டத்துக்கு ஒரு ம்க்கும்தான். அத்தைக்கு அது ஒரு காபி ஆறுகிற நேரத்துக்குக்கூடப் பற்றாது.

இப்படிக் காயை எண்ணி வைத்தவர் ஆல்ஃப்ரட் பட்ஸ் என்கிற அமெரிக்கர். கட்டடக் கலைஞர். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை போய் வீட்டில் இருந்தார். வேலையில்லாத ஆள் பத்திரிகை படிப்பது சகஜம். அவர் பத்திரிகையை எடுத்து வைத்துக்கொண்டு அதில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினார். அதை வைத்துத்தான் ஈ-க்குப் பன்னிரண்டு காய், க்யூவுக்கு ஒன்று என்று பங்கு பிரித்தார். எஸ் மட்டும் நாலோடு நிறுத்தினார்; எல்லாரும் பன்மை போட்டே பிழைத்துக்கொள்வார்கள் என்று தெரிந்திருக்கிறது. வேலையில்லாதவருக்கு மனுஷ சுபாவம் நன்றாகப் புரியும். கம்பெனிகள் அவரைச் சீந்தவில்லை. 1948-இல் ஜேம்ஸ் ப்ரூனோ என்பவர் அந்த விளையாட்டை வாங்கி ஸ்கிராபிள் என்று பெயர் வைத்தார். இதில் எனக்குப் பிடித்த ஒரே தகவல், பட்ஸுக்கு எழுத்துக்கூட்டி எழுதுவது அவ்வளவாக வராது என்பதுதான். மனைவிதான் அவரைவிட நன்றாக ஆடுவாராம். அந்த வீட்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களை என்னால் கற்பனை செய்ய முடிகிறது.

வார்த்தை ஞானம் வளர்கிறதா என்ற கேள்விக்கு வருவோம். நைஜல் ரிச்சர்ட்ஸ் என்று ஒருவர் இருக்கிறார். நியூசிலாந்துக்காரர், மலேசியாவில் குடியிருப்பவர், ஆங்கில ஸ்கிராபிளில் பல தடவை உலகச் சாம்பியன். 2015-இல் பெல்ஜியத்தில் நடந்த பிரெஞ்சு மொழிப் போட்டிக்குப் போனார். பிரெஞ்சு பேச வராது. ஒன்பது வாரம் அகராதிப் பட்டியலை உருப்போட்டுவிட்டுப் போய், பிரெஞ்சுக்காரர்களை உட்கார வைத்துத் தோற்கடித்துவிட்டு வந்தார். 2024-இல் ஸ்பெயின் போய் ஸ்பானிஷ் பட்டத்தையும் வாங்கிக்கொண்டார். ஸ்பானிஷும் பேச வராது. அந்த மொழியில் காதலித்தவனும் சண்டை போட்டவனும் கவிதை எழுதினவனும் எதிரே உட்கார்ந்திருக்கிறான்; கடைக்குப் போய் ரொட்டி கேட்கத் தெரியாதவர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகிறார்.

இதை ஆதாரமாகக் காட்டி, இந்த விளையாட்டுக்கும் மொழிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இது வெறும் கணக்கு, வேண்டுமானால் கணக்குப் படிப்புக்கு நல்லது என்று சொல்லிக்கொள் என்று மச்சினியிடம் வாதாடினேன். அவள் முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு மகள் பக்கம் திரும்பி, “பாத்தியாடி, மனப்பாடம் பண்ணினா எங்க வரைக்கும் போகலாம்னு? பெரியப்பா சொல்றாங்க கேளு” என்றாள். அந்தப் பிள்ளை அன்றைக்கே மூன்றெழுத்துப் பட்டியலை எடுத்துவிட்டது. அது ஆயிரத்துக்கு மேல் போகிறது.

சரி, உத்திகள். சொன்ன வாக்கை மீறக் கூடாது. உயிரெழுத்து மெய்யெழுத்து இரண்டும் கட்டையில் கலந்திருக்கட்டும். ஐ நாலும் யூ இரண்டும் சேர்ந்துவிட்டால் ரோஷம் பார்க்காமல் பையில் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள், அந்த முறை போகும், போகட்டும். பையில் ஏழு காயாவது இருந்தால்தான் மாற்ற முடியும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓரத்து மும்மடங்குக் கட்டத்துக்கு எதிராளி எட்டிப் போகிற மாதிரி உங்கள் சொல்லை நீட்டி வழி போட்டுக் கொடுக்காதீர்கள். எஸ்-ஐத் தனியாக ஒரு பன்மைக்காக வீணாக்காமல், ஏற்கெனவே இருக்கிற சொல்லின் வாலில் ஒட்டி, அதே எஸ்-இலிருந்து புதுச் சொல்லை நெடுக்கே இறக்கினால் இரண்டுக்கும் புள்ளி வரும். வெற்றுக் காயை இருபது முப்பது புள்ளிக்காக விற்றுவிடாதீர்கள். இதெல்லாம் எல்லாரும் சொல்வது. அந்த நிச்சயமான வழி இவற்றில் எதுவும் இல்லை. அது கடைசிக் கட்டத்தைப் பற்றியது, அதற்குத்தான் வருகிறேன்.

கடைசிக் கட்டம் என்றால் பை காலியான பிறகு. முதலில் எவர் கையைக் காலி செய்கிறாரோ, மற்றவர் கையில் மிஞ்சினதெல்லாம் அவர் கணக்கில் ஏறும். மிஞ்ச வைத்துக்கொண்டவர் கணக்கில் அது கழியும். ஒரே காய்க்கு இரண்டு பக்கமும் அடி. இந்த விதியை எழுதினவர் வட்டிக்கடை வைத்திருந்திருக்க வேண்டும். அன்றைக்கு நாங்கள் ஆடிய அடுத்த ஆட்டத்தில் க்யூ என் கைக்கு வந்தது. அதற்கு ஒரு யூவும், ஒரு கௌரவமான சொல்லும் வேண்டும் என்று காத்திருந்தேன். யூ நாலும் எங்கெங்கோ போய் விழுந்தன. பை காலி. என் கட்டையில் க்யூ மட்டும் நிற்கிறது. பலகையின் நடுவில் ஓர் ஐ, முன்னால் காலிக் கட்டத்தோடு, வாயைத் திறந்துகொண்டு இருக்கிறது.

“பெரியப்பா, அங்க ஐ இருக்கு பாருங்க” என்றாள். நல்ல பிள்ளைதான், வளர்ப்பு அப்படி.

“தெரியும். வைக்க மாட்டேன்.”

“பதினொண்ணு வரும் பெரியப்பா.”

“வரட்டும். அந்த வார்த்தையை நான் வைக்க மாட்டேன்.”

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு தன் கையிலிருந்த கடைசி இரண்டு காயையும் எம்-எம் என்று ஓர் ஓரத்தில் வைத்து முடித்துவிட்டாள். என் கணக்கில் பத்து கழித்து, தன் கணக்கில் பத்து கூட்டினாள். ஆக இருபது புள்ளி வித்தியாசம். அந்த இருபதும் கொள்கைக்காக இழந்தது என்று பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதச் சொன்னேன்.

“அதுக்கெல்லாம் இதுல இடம் இல்ல பெரியப்பா” என்றாள்.