நம்பர் சீட்டும் நானோ செகண்டும்

(பிரிக்ஃபீல்ட்ஸ், ஜாலான் துன் சம்பந்தனில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. மாமா கிள்ளானிலிருந்து கோமுட்டர் ஏறி வந்தவர். அரசாங்க கவுண்டரில் உட்கார்ந்தே பெஞ்சேன் வாங்கியவர். மாப்ள, கணினி இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு நிரல் எழுதுபவன்.)

மாமா: சனிக்கிழமையும் ஆபீஸா? அப்படி என்னப்பா தலைபோற வேலை?

மாப்ள: பூட்டு ரிப்பேர் மாமா. எங்க ஆபீஸ்ல சொந்தமா ஒரு பூட்டு எழுதி வச்சிருக்காங்க. லினக்ஸ் கெர்னல்ல முன்னாடி இருந்த அதே ஓட்டை இதுலயும் இருக்கு.

மாமா: பூட்டு ரிப்பேருக்கா உன்னை யூனிவர்சிட்டிக்கு அனுப்பினோம்? கிள்ளான்ல தெங்கு கிளானா ரோட்டுப் பக்கம் கேட்டிருந்தா அரை மணியில முடிச்சுக் குடுத்திருப்பானே!

மாப்ள: இது கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற பூட்டு. ரெண்டு சிபியு ஒரே தகவல்ல ஒரே நேரத்துல கை வச்சா கணக்கு கெட்டுப்போகும். அதுக்குத்தான் பூட்டு. 2008-ல லினக்ஸ்ல டிக்கெட் ஸ்பின்லாக்னு ஒரு வகைப் பூட்டு கொண்டு வந்தாங்க. எல்லாம் உங்க கவுண்டர் முறைதான். வர்றவன் ஒரு நம்பர் எடுத்துக்குவான், போர்டுல அந்த நம்பர் வர்ற வரைக்கும் நிப்பான்.

மாமா: எங்களைப் பார்த்துக் காப்பி அடிச்சிருக்கானுங்க. சரி, மேல சொல்லு.

மாப்ள: ஒரே மெஷினுக்குள்ள பல வர்ச்சுவல் மெஷின் ஓடுறப்போ, காத்திருக்கிற சிபியு சும்மாவே சுத்திச் சுத்தி நேரத்தைத் தின்னும். அதனால, ‘நான் தூங்குறேன், என் முறை வந்தா எழுப்பு’ன்னு பூட்டுலயே ஒரு குறி வச்சிட்டுத் தூங்கிடலாம்.

மாமா: நல்ல ஏற்பாடு. நாங்க குறியே வைக்காமத் தூங்குவோம்.

மாப்ள: வேலை முடிச்ச சிபியு முதல்ல போர்டு நம்பரை ஒண்ணு கூட்டும். அப்புறம் யாராவது தூங்குறாங்களான்னு பூட்டைத் திரும்ப எட்டிப் பார்க்கும்.

மாமா: பொறுப்பான ஆளாச்சே! இதுல என்ன குத்தம்?

மாப்ள: நம்பரைக் கூட்டின உடனே பூட்டு கைமாறிப் போச்சு மாமா. அடுத்தவன் உள்ள வந்து, வேலையை முடிச்சு, அந்தப் பூட்டு இருந்த மெமரியையே காலி பண்ணியிருப்பான். அங்க இப்ப வேற யாரோட தகவலோ இருக்கும். நம்ம பொறுப்பான ஆளு தூங்குறவன் குறியை அழிக்கிறேன்னு அதுல கிறுக்கி வச்சிடுவாரு. லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸே சொன்னாரு, பூட்டை விட்டப்புறம் அதைத் தொடவே கூடாதுன்னு.

மாமா: ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்?

மாப்ள: நானோ செகண்டு கணக்கு.

மாமா: அலாமாக்! நாங்க மத்தியானம் ஒரு மணி நேரம் கவுண்டரையே மூடிப்போடுவோம். ஒண்ணும் ஆகலையே!

மாப்ள: ஆச்சா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் சாப்பிடப் போயிட்டீங்களே. டர்ட்டி கௌன்னு ஒரு ஓட்டை, இதே மாதிரி நேர இடுக்குதான். பல வருஷமா லினக்ஸ் கெர்னல்ல இருந்துச்சு, 2016 அக்டோபர்லதான் அடைச்சாங்க. சாதாரண ஆளு அது வழியா உள்ள புகுந்து மெஷினுக்கே எஜமானன் ஆயிட முடிஞ்சுது, ஆண்ட்ராய்டு போன் உட்பட. அடைக்கிறதுக்குப் பதினோரு வருஷம் முன்னாடியே டோர்வால்ட்ஸ் ஒரு தடவை சரி பண்ணப் பார்த்தாரு. வேற ஒரு மெஷின்ல சிக்கல் வந்ததால அந்தத் திருத்தத்தைத் திரும்ப எடுத்துட்டாங்க.

மாமா: ஃபைலை மூடித் திரும்பத் திறக்கிறது! இப்பத்தான் உன் தொழில் எனக்குப் புரியுது. இதுக்கு ஒரு சர்க்குலர் போதும்: ‘இடைப்பட்ட நேரத்தில் யாரும் வரக் கூடாது.’

மாப்ள: எங்க மேனேஜர் உங்களுக்கு மேல. ரீஸ்டார்ட் பண்ணுங்கறாரு. என்ன நடக்குதுன்னு பார்க்க நடுவுல ஒரு வரி பிரிண்ட் போட்டேன். நேரம் தள்ளிப்போயி கோளாறே காணாமப் போச்சு. ‘அப்ப அந்தப் பிரிண்ட்டை அப்படியே விட்டுடு, அதான் ஃபிக்ஸ்’ங்கறாரு.

(இந்த மேனேஜர் எல்லா ஆபீஸிலும் இருக்கிறார். வருஷக் கடைசியில் போனஸும் அவருக்குத்தான்.)

மாமா: சரி, லினக்ஸ்காரன் என்னதான் பண்ணினான்?

மாப்ள: 2015 பிப்ரவரியில, ஐபிஎம்ல வேலை பார்த்த ராகவேந்திரா கே.டி. திருத்தம் எழுதினாரு. தூங்குறவன் குறியைப் போர்டு நம்பர் பக்கமே மாத்தி வச்சாரு. இன்டெல் சிப்புல எக்ஸ்-ஆட்னு ஒரு கட்டளை உண்டு. நம்பரைக் கூட்டுறதும், கூட்டுறதுக்கு முன்னாடி அங்க என்ன இருந்துச்சுன்னு கையில குடுக்கிறதும் ஒரே வெட்டு. நடுவுல யாரும் புக முடியாது. கையில வந்ததைப் பார்த்தே தூங்குறவனை எழுப்பிடலாம். பூட்டுப் பக்கம் திரும்பவே வேண்டாம்.

மாமா: கெட்டிக்காரன். அந்தப் பூட்டு இப்ப எப்படி ஓடுது?

மாப்ள: எங்க ஓடுது! அதே 2015 ஆகஸ்ட்ல லினக்ஸ் 4.2 வந்துச்சு. இன்டெல் மெஷின்ல நம்பர் சீட்டு முறையையே தூக்கிட்டு வேற வகைப் பூட்டை வச்சிட்டாங்க.

மாமா: ஓட்டையை அடைச்ச ஆறே மாசத்துல கட்டடத்தையே இடிக்கிறது! அசல் கவர்மெண்டு வேலை. உங்க ஆபீஸ்ல?

மாப்ள: பழைய நம்பர் சீட்டுதான். திருத்தம் ரெண்டே வரி, எழுதி வச்சிட்டேன். மேனேஜர் திங்கக்கிழமை கையெழுத்துப் போடணும். அதுவரைக்கும் பிரிண்ட் ஓடிக்கிட்டிருக்கு.