தரங்கம்பாடிக்கு ஒரு கரி ரயில்

சரோஜினி நகரிலும் ஆர்.கே.புரத்திலும் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த டில்லித் தமிழர்களுக்கு உடனே நினைவு வரும்: எழுபதுகளில் கோடை விடுமுறை நெருங்கினால் அப்பாவின் எல்.டி.சி. பயணச் சலுகை விண்ணப்பம், தூசி தட்டிய ஹோல்டால், தேய்த்துக் கவிழ்த்த கூஜா, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி என்று வீடே ரயிலேறத் தயாராகிவிடும். ஜி.டி. எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு, எழும்பூரிலிருந்து மீட்டர்கேஜில் இன்னோர் இரவு, விடிந்ததும் மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை) ஜங்ஷனில் காபி. அப்புறம் 1926இல் திறந்த கிளைப்பாதையில் செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு என்று ஊர் ஊராக நின்று தரங்கம்பாடிக்குப் போகும் கரி ரயில்.

ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்தான். அதற்குள் எதிர் சீட்டுக்காரர் "டில்லியிலேர்ந்தா வரீங்க தம்பி? யார் வீட்டுப் பிள்ளை?" என்று ஆரம்பித்து, தாத்தா பெயரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, இறங்குவதற்குள் ஏதோ ஒரு வழியில் எங்களுக்குச் சித்தப்பாவாகியிருப்பார். ஜன்னலில் உப்புக்காற்று அடித்ததும், யமுனையைத் தவிர வேறு தண்ணீர் பார்த்திராத நாங்கள் கண்ணில் விழுந்த கரித்தூளைக்கூட மறந்து எழுந்து நிற்போம்.

தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு 1620இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய டேன்ஸ்போர்க் கோட்டை, அந்த வயதில் எங்களுக்கு ஓடிப்பிடித்து விளையாடத் தோதான பெரிய நிழல். 1706இல் வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்கு இதே ஊரில்தான் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு 1715இல் முடித்தார் என்பது தெரியாமலே அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தின் வாசலில் நிழலுக்கு உட்கார்ந்திருக்கிறோம். இப்போது கோட்டைக்குள் அருங்காட்சியகம் இருக்கிறது; கேட்டால் வரலாறு சொல்ல ஆளும் இருக்கிறது. கடற்கரைப் பழைய பங்களாவை டில்லியின் நீம்ரானா நிறுவனம் புதுப்பித்து விடுதியாக்கியது. எங்களைப் போன்ற டில்லிக்காரர்கள் இன்று வாடகை கொடுத்துத் தங்கலாம். அன்றோ அத்தை வீட்டுத் திண்ணையும் பாயும் கடலிரைச்சலும் சும்மாவே கிடைத்தன.

டில்லியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் மூன்று மணி நேரம்கூட ஆவதில்லை. ஆனால் 1986இல் நின்றுபோன அந்தக் கிளை ரயில் திரும்பவே இல்லை. இன்று பலரும் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடித்த கையோடு காரில் வந்து, கோட்டை முன் படமெடுத்து, மதிய வெயில் இறங்குமுன் கிளம்பிவிடுகிறார்கள். வேகமாக வந்து சேர்கிறவர்களுக்குத் தங்கத்தான் நேரமில்லை.

இந்த ஊர் நடந்து பார்க்க வேண்டிய ஊர். 1792ஆம் ஆண்டு நுழைவாயிலில் தொடங்கி ராஜவீதி வழியே கடல்வரை நடங்கள். 1306இல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்து, முன்பகுதியைக் கடலுக்குக் கொடுத்துவிட்ட மாசிலாமணிநாதர் கோயிலைப் பாருங்கள். 2004 டிசம்பர் 26இல் சுனாமி இந்தக் கரையில் எத்தனை குடும்பங்களைச் சிதைத்தது என்று மீனவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். ஓரிரவு தங்கிச் சூரியோதயம் பாருங்கள். மயிலாடுதுறையிலிருந்து மறுபடி ரயில் விட வேண்டும் என்று அந்தப் பகுதி மக்கள் கேட்கிறார்கள். டில்லியில் இருக்கும் நாமும் சேர்ந்து கேட்போம்.